புகைக்குழாயில் ஒரு கொடியடுப்பு

விடியற்காலை நேரம். மண்டபம் இறங்குதளத்தில் ஒரு விசைப்படகு அப்போதுதான் கரை சேர்ந்திருந்தது. டிரைவர் எஞ்சின் அறையின் பலகையைத் தூக்கிக் காட்டினார். புகைக்குழாய் முழுவதும் வெப்பம் தாங்கும் கயிறு சுற்றியிருந்தது. வளைவில் மட்டும் கயிறு பிரிந்து, துருவேறிய இரும்பு ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தது. அவர் ஒரு கை கடல்நீரை அள்ளி அதன்மேல் தெளித்தார். சொட்டுகள் உடனே மறையவில்லை. மணிமணியாக உருண்டன, துள்ளின, பிறகுதான் காணாமல் போயின. அவை இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள்.

தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. சுமாரான சூட்டில் நீர் சுரீரென்று பொங்கி அடங்கிவிடும். கல் மிஞ்சிக் காய்ந்திருந்தால் சொட்டுக்கு அடியில் நீராவி ஒரு மெத்தைபோல் அமைந்து அதைத் தாங்கிக்கொள்ளும், சொட்டு உருண்டோடும். இரும்பு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். குழாய்க்கு உள்ளே போகும் புகையின் சூடு இன்னும் அதிகம். மடி எனும் இழுவை வலையை இழுக்கும்போது, எஞ்சின் முழுச் சுமையில் திணறும் வேளையில், 350 முதல் 450 டிகிரி வரை போகும்.

இந்தச் சூடு காசு கொடுத்து வாங்கியது. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் கிடைக்கும். மின்வாரிய மீட்டரில் ஓடும் அதே கிலோவாட்-மணி அளவைத்தான் சொல்கிறேன். அந்தப் பத்தில் மூன்றரை யூனிட் எஞ்சினின் தண்டைச் சுழற்றுகிறது. மூன்று யூனிட் புகையோடு வானத்துக்குப் போகிறது. இரண்டரை, மூன்று யூனிட் குளிர்விக்கும் நீரோடு கடலுக்குப் போகிறது. மிச்சம் எஞ்சின் அறையைப் புழுங்க வைக்கிறது. தண்டுக்குக் கிடைத்த மூன்றரையிலும் மடி இழுக்கும் வேகத்தில் படகைத் தள்ளும் விசிறி (புரொப்பெல்லர்) பாதியைக்கூட உந்துவிசையாக மாற்றுவதில்லை. ஆனால் அது வேறு கதை.

100 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழுச் சுமையில் மணிக்கு 20 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். அப்படியானால் புகைக்குழாய் வழியே மட்டும் மணிக்கு 60 யூனிட் வெளியேறுகிறது. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், அந்த 100 யூனிட்டை இந்தக் குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் ஊதித் தள்ளிவிடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஏறத்தாழ 237 கிலோமீட்டர் கடற்கரை. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி, மூக்கையூர் என்று அதன் நெடுக விசைப்படகுகள் நிற்கின்றன. கணக்குப் போடுகிறவருக்கு நாக்கில் நீர் ஊறுவது இயல்பு.

ஊறவிடாமல் ஒரு தடுப்புப் போட வேண்டியிருக்கிறது. வெப்ப யூனிட்டும் மின்சார யூனிட்டும் எண்ணிக்கையில் ஒன்று, தரத்தில் வேறு. இதைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்துக்காரருக்கு இயற்பியல் புத்தகம் வேண்டாம், கண்மாய் போதும். கண்மாயில் எவ்வளவு நீர் கிடக்கிறது என்பது மட்டும் பாசனத்தைத் தீர்மானிப்பதில்லை. மடைக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. மடைக்குக் கீழே கிடக்கும் நீர் கண்ணுக்குத் தெரியும், மாடு குடிக்கும், வயலுக்குத் தானாகப் பாயாது. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ வெப்ப எந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தபோது அவரும் உயரத்திலிருந்து விழும் நீரைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். வெப்பத்தில் உயரம் என்பது வெப்பநிலை. நமக்கு மடை என்பது கடல்நீரின் 30 டிகிரி.

எஞ்சினைக் குளிர்வித்து வெளிவரும் நீர் 85 டிகிரி இருக்கும். அந்த வெப்பத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்ற எந்த மேதையாலும் முடியாது. அது இயற்கை போட்ட எல்லை. 400 டிகிரிப் புகை உயரத்தில் நிற்கிறது, ஆனால் வெப்பத்தை எடுக்க எடுக்க அதுவும் ஆறிக்கொண்டே இறங்கும். சராசரியாகப் பார்த்தால் அதன் எல்லை 35 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இவை ஏட்டுச் சுரைக்காய் எண்கள். உண்மையான கருவிகள் இதில் பாதியைத் தொட்டாலே கெட்டிக்காரத்தனம்.

நம் பழைய சமையலறைகளில் கொடியடுப்பு என்று ஒன்று இருந்தது. பெரிய அடுப்பில் எரியும் தீயின் மிச்சம் பக்கத்துத் துளை வழியாக அடுத்த அடுப்புக்குப் போகும். அதில் விறகு வைக்க மாட்டார்கள். வெந்நீர் வைப்பார்கள், வடித்த சோற்றைச் சூடாக வைத்திருப்பார்கள், பருப்பை மெல்ல வேகவிடுவார்கள். கொடியடுப்பில் உலை கொதிக்கவில்லை என்று யாரும் குறைபட்டதில்லை. புகைக்குழாய் வெப்பத்தைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதுதான்: அதை மறுபடியும் எஞ்சின் வேலைக்கு இழுக்காமல், கொடியடுப்புக்கு ஏற்ற வேலையைக் கொடுக்க வேண்டும்.

மீண்டும் எஞ்சின் வேலைக்கே இழுக்கும் முயற்சி எங்கே பலிக்கிறது என்பதற்கும் உள்ளூரிலேயே சான்று இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் வழுதூர் எரிவாயு மின்நிலையம். உள்ளூர்க் கிணறுகளில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவை எரித்து அங்கே டர்பைன்கள் சுழல்கின்றன. முதல் அலகில் எரிவாயு டர்பைன் 60 மெகாவாட். அதன் புகையை அப்படியே விடாமல் ஒரு கொதிகலனுக்குள் செலுத்தி, நீராவி எடுத்து, இன்னொரு டர்பைனைச் சுழற்றி 35 மெகாவாட் எடுக்கிறார்கள். இரண்டாம் அலகில் 59.8-உடன் 32.4. மொத்த நிறுவுதிறன் 187.2 மெகாவாட்டில் 67-க்கு மேல் புகையிலிருந்து வருவது. அதற்கென்று தனியாக எரிவாயு செலவாவதில்லை. ராமேஸ்வரம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக் கடந்துவிடும் அந்தக் கட்டடம்தான் இந்தக் கரையின் மிகப் பெரிய கொடியடுப்பு.

வழுதூரில் நடப்பது படகில் ஏன் நடக்காது? அங்கே எரிவாயு டர்பைனின் புகை 500 டிகிரிக்குக் குறையாது, கரி இல்லாத சுத்தமான புகை, சுமை மாறாமல் நாள் முழுக்க வருவது. கொதிகலனுக்கு இடம் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. பெருங்கப்பல்களும் இந்த வகைதான். 2006-இல் கடலுக்கு வந்த எம்மா மெர்ஸ்க் என்ற சரக்குக் கப்பலின் எஞ்சின் 80 மெகாவாட் அளவுடையது. புகை வெப்பத்திலிருந்து மட்டும் எட்டரை மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் அமைப்பு அதில் இருந்தது. அந்த மாதிரிக் கப்பல்கள் நம் பக்கம் வருவதில்லை. பாக் நீரிணையின் ஆழம் அவற்றுக்குப் போதாது, இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

நம் படகில் இருப்பது பெரும்பாலும் லாரி எஞ்சினின் உடன்பிறப்பு. அதில் ஏற்கெனவே ஒரு கொடியடுப்பு இருக்கக்கூடும்: டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். டர்போவைத் தாண்டி மின்சாரம் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். எளிதில் ஆவியாகும் திரவத்தைப் புகைச் சூட்டில் கொதிக்கவைத்துச் சிறிய டர்பைன் ஓட்டும் முறை இருக்கிறது. மணிக்கு 60 யூனிட்டில் 35 யூனிட்டைத்தான் நடைமுறையில் கறக்க முடியும். புகையை 180 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டால் கரியும் ஈரமும் குழாயில் படிந்து தொல்லை. அந்த 35-இல் பத்து விழுக்காடு என்று வைத்தால் மூன்றரை யூனிட். மணிக்கு 20 லிட்டர் குடிக்கிற எஞ்சினில் ஒரு லிட்டர் மிச்சம். அதற்காக ஒரு பம்பு, ஒரு டர்பைன், இரண்டு வெப்பமாற்றிகள், கசியக்கூடாத ஒரு திரவம், இவை எல்லாவற்றையும் உப்புக்காற்றில் பராமரிக்கும் ஒரு மெக்கானிக். இரு பக்கமும் வெப்பநிலை வேறுபட்டால் நேராக மின்சாரம் தரும் சில்லுகளும் உண்டு. அசையும் பாகமே இல்லாத அழகான கருவி. ஆனால் மூன்று, நான்கு விழுக்காட்டோடு மூச்சு நின்றுவிடும். விளக்கு எரிய, மீன் தேடும் கருவி ஓட அது போதும். அந்த வேலையை எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே செய்கிறது.

ஆகவே மின்சாரத்தை விடுவோம். படகுக்கு டீசலுக்கு அடுத்தபடி அவசியமான பொருள் எது? ஐஸ்.

சூட்டிலிருந்து குளிர் எடுப்பது என்றால் கேட்பவர் சிரிப்பார். கரையோர ஐஸ் தொழிற்சாலையில் நடப்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். அங்கே அம்மோனியாவைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட வாயு குளிர்ந்து திரவமாகிறது. திரவம் மறுபடி ஆவியாகும்போது சுற்றியுள்ள உப்புக்கரைசலிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. கரைசலில் மூழ்கி நிற்கும் தகரப் பெட்டிகளில் நீர் உறைந்து பார் எனும் பெரிய ஐஸ் கட்டியாகிறது. மின்சாரம் தேவைப்படுவது அழுத்துவதற்குத்தான். 1859-இல் பிரான்ஸில் ஃபெர்டினான்ட் கார்ரே அந்த அழுத்தும் வேலையையே வெப்பத்திடம் ஒப்படைத்தார். அம்மோனியாவை நீர் ஆவலோடு உறிஞ்சும். உறிஞ்சிய கரைசலைச் சூடாக்கினால் அம்மோனியா உயர்ந்த அழுத்தத்தில் பிரிந்து வெளியே வரும். கம்ப்ரசர் இருந்த இடத்தில் இப்போது ஒரு அடுப்பு. அந்த அடுப்புக்கு நம் புகைக்குழாய் போதும்.

எவ்வளவு ஐஸ் கிடைக்கும்? கறந்த 35 யூனிட் வெப்பத்துக்கு, இப்படிப்பட்ட அமைப்பு நன்றாக இயங்கினால் 14 யூனிட் குளிர் தரும். 30 டிகிரி நீரை ஒரு கிலோ ஐஸாக்க, இழப்புகளைச் சேர்த்து, 500 கிலோஜூல் எடுக்க வேண்டும். பெருக்கி வகுத்தால் மணிக்கு 100 கிலோ. அதாவது 50 கிலோ பார் இரண்டு. படகில் எதுவும் நன்றாக இயங்காது என்பதால் பாதியாகக் குறைத்துக்கொள்வோம்: மணிக்கு ஒரு பார். ஒரு டீசல் சொட்டுகூடக் கூடுதலாகச் செலவழிக்காமல்.

இங்கே படகின் ஆட்டம் குறுக்கே வருகிறது. கார்ரே முறையில் கரைசல் மேலிருந்து கீழே சீராக வழிய வேண்டும். வாடைக்காற்றில் படகு குத்தித் தூக்கும்போது அது நடக்காது. அம்மோனியா கசிந்தால் மூடிய எஞ்சின் அறையில் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. இதனால்தான் சீனாவில் ஷாங்காய் ஜியாவோ டோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மீன்பிடிப் படகுகளை மனத்தில் வைத்தே, திரவத்துக்குப் பதில் திடப்பொருளை உறிஞ்சியாக வைத்துச் சோதித்தார்கள். செயலூட்டிய கரியும் (நுண்துளைகள் நிறைந்த கரி) மெத்தனாலும் ஒரு கூட்டணி, கால்சியம் குளோரைடும் அம்மோனியாவும் இன்னொன்று. கரியைச் சூடாக்கினால் மெத்தனாலைக் கக்கும், ஆறவிட்டால் திரும்ப இழுக்கும். இரண்டு கரிப் படுக்கைகளை மாறி மாறிக் காயவும் ஆறவும் விட்டால் குளிர் தொடர்ந்து கிடைக்கும். படகு எப்படி ஆடினாலும் கரிக்குக் கவலையில்லை. விலையாகச் செயல்திறன் குறைகிறது, எடை கூடுகிறது. மெத்தனால் 120 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதால் புகையை நேராக அதன்மேல் பாய்ச்ச முடியாது, இடையில் நீரை வைத்துச் சூட்டைக் கடத்த வேண்டும். அந்தக் கரிக்கு நல்ல மூலப்பொருள் தேங்காய்ச் சிரட்டை. உச்சிப்புளி, பெரியபட்டினம் தோப்புகளைக் கடந்து போகும்போதெல்லாம் இந்தப் பொருத்தம் எனக்கு நினைவுக்கு வரும்.

இது யாருக்குப் பயன்படும்? நாட்டுப்படகுக்கு அல்ல. அதன் சிறிய எஞ்சினின் வெப்பத்தைச் சேர்த்துப் பிடிக்கும் கருவி படகைவிடக் கனக்கும். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள், ஓர் இரவு மட்டும் கடலுக்குப் போய் விடியலில் திரும்பும் விசைப்படகுக்கும் அல்ல. அதற்கு மாலையில் ஏற்றிய ஐஸே மறுநாள் வரை தாங்கும். வலையில் பெரும்பங்கு வரும் சங்காயத்துக்கு (விலை குறைந்த கழிவு மீன்) யாரும் ஐஸ் போடுவதும் இல்லை. பயன், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் படகுக்குத்தான். 2017-இல் மத்திய, மாநில அரசுகள் பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்ப ஒரு திட்டம் கொண்டுவந்தன: படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 விழுக்காடு மானியம், 2,000 படகுகள் இலக்கு. சூரை (டூனா) பிடிக்கப் போகிறவர் பத்து நாள் கடலில் இருப்பார். அவருக்கு ஐஸ் தீர்ந்தால் மீன் இருந்தும் திரும்ப வேண்டியதுதான்.

சூரையைப் பற்றி ஒரு வார்த்தை. மீன்களில் பெரும்பாலானவை கடல்நீரின் சூட்டிலேயே இருக்கும், சூரை அப்படியல்ல. நீந்தும் தசைகளில் உண்டாகும் வெப்பத்தைச் செவுள் வழியாகக் கடலுக்கு இழந்துவிடாமல், வெளியே போகும் சூடான குருதியும் உள்ளே வரும் குளிர்ந்த குருதியும் எதிரெதிராக ஓடும் நுண்குழாய் வலையில் அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எதிரோட்ட வெப்பமாற்றி என்று பொறியாளர் வரைவதை அந்த மீன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. அதனால்தான் பிடிபட்டவுடன் அதன் உடல் சூடாக இருக்கிறது. உடனே குளிர்விக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து, சாப்பிடுகிறவருக்கு ஒவ்வாமையும் ஏற்றுமதியாளருக்கு நட்டமும் வரும்.

தங்குகடலில் இன்னொரு சிக்கல். செவுள் வலை விரித்துவிட்டு இரவில் எஞ்சினை அணைத்து மிதந்துகொண்டிருப்பார்கள். எஞ்சின் அணைந்தால் அடுப்பும் அணைந்தது. ஆகவே ஓடும் நேரத்துக் குளிரை ஓர் உப்புக்கரைசல் தொட்டியில் சேமித்து, மீன் பெட்டியைச் சுற்றிக் குழாயில் ஓடவிடுவதுதான் பொருத்தம். புதிதாக ஐஸ் செய்வதைவிட, கரையிலிருந்து கொண்டுபோன ஐஸை உருகாமல் காப்பது எளிது. நன்னீரும் வேண்டியதில்லை. மீன் பெட்டிக்குள் ஒரு கிலோவாட் வெப்பம் கசிந்தால் மணிக்கு 11 கிலோ ஐஸ் உருகும். பத்து நாளில் இரண்டரை டன்னைத் தாண்டும்: ஐம்பதுக்கு மேற்பட்ட பார்கள், ஒரு மீனையும் குளிர்விக்காமல் வெறும் நீராகிப் போயிருக்கும். கசிவைத் தடுக்கப் பெட்டியின் சுவரைத் தடிப்பாக்குவதுதான் முதல் வேலை என்று வாசகர் சொல்வார். ஆம், அதுதான் முதல் வேலை.

குடிநீரை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தள்ளுவண்டியில் குடம் அடுக்கி நீர் தேடிப் போகும் மாவட்டம் இது. கடலுக்குள்ளும் கேனில்தான் நீர் போகிறது. குளிர்விக்கும் நீரின் 85 டிகிரிச் சூடு வேலையாக மாறத்தான் தகுதியற்றது. காற்றழுத்தம் குறைத்த கலத்தில் கடல்நீர் 50 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் நன்னீர் வடிக்க அது தாராளம். கப்பல்களில் இது பழைய வழக்கம். சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் லட்சத்தீவின் கவரத்தியில், மேற்பரப்பு நீருக்கும் ஆழ்கடல் நீருக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டை வைத்தே தினம் ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் எடுத்துக் காட்டியது. 2009-இல் வட சென்னை அனல்மின் நிலையத்தின் கழிவு வெப்பத்திலும் அதையே செய்தது. பத்துப் பேர் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது படகுக்குச் சுண்டைக்காய்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். புகைக்குழாயில் எதைப் பொருத்தினாலும் புகைக்கு மூச்சு முட்டும். எதிரழுத்தம் கூடினால் எஞ்சின் அதிக டீசல் குடித்து, மிச்சம் பிடித்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். கரி ஒரு மில்லிமீட்டர் படிந்தாலும் வெப்பம் கடத்தும் திறன் சரியும், மாதாமாதம் கழற்றித் தேய்க்க வேண்டும். மரப்படகில் எஞ்சினைச் சுற்றிப் புதிய சூடான இணைப்புகள் என்றால் தீப்பிடிக்கும் பயம். ஒரு பழைய தடை மட்டும் தளர்ந்திருக்கிறது: டீசலில் கந்தகம் இருந்தால் ஆறிய புகையிலிருந்து அமிலம் இறங்கிக் குழாயை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. புகைநச்சைக் குறைக்கப் போட்ட விதி இது. வெப்பம் கறக்கிறவருக்கும் சத்தமில்லாமல் உதவியிருக்கிறது.

டீசல் மிச்சம் மட்டுமே நோக்கமென்றால் புகைக்குழாயைத் தொடவே வேண்டாம் என்பேன். படகின் வேகத்துக்கும் தேவைப்படும் திறனுக்கும் உள்ள உறவு மும்மடிப் பெருக்கம். வேகத்தைப் பத்திலிருந்து எட்டாகக் குறைத்தால் திறன் பாதியாகிறது; கால்பங்கு நேரம் கூடினாலும், அதே தூரத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டீசல் மிஞ்சும். அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டிய படகு இதற்கு நேர்மாறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூசுவதுகூட எரிபொருள் சிக்கனம்தான். இந்த இரண்டோடு போட்டியிட்டு ஜெயிக்கும் வெப்ப மீட்புக் கருவி எதுவும் சிறு படகுக்கு இல்லை.

இதையெல்லாம் மண்டபத்து டிரைவரிடம் சுருக்கிச் சொன்னேன். குளிர்ப் பெட்டி என்றதும் அவர் திறனைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. “எத்தனை கிலோ இருக்கும்? எங்கே வைப்பது?” என்றார். ஐம்பது ஐஸ் பார் வைக்கும் இடத்தில் பாதி, அந்த எடையில் பாதி என்றேன். அவர் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார். சுவரோரம் நின்று கையால் முழம் போட்டு அளக்கத் தொடங்கினார்.